அங்காடியும் பருவமும்: சங்க இலக்கிய வழி ஒரு வணிக வரலாற்று நோக்கு

முன்னுரை

பண்டைத் தமிழர் வணிகம் குறித்து எழுந்த ஆய்வுகள் பல. துறைமுகங்கள், ஏற்றுமதி இறக்குமதிப் பொருள்கள், வணிகக் குழுக்கள், அகழாய்வில் கிடைத்த காசுகள், பானையோட்டு எழுத்துகள் ஆகியன விரிவாக ஆராயப்பட்டுள்ளன. அங்காடி பற்றிய இலக்கியப் பகுதிகளும் இவ்வாய்வுகளில் தவறாமல் இடம்பெறுகின்றன. எனினும், அப்பகுதிகள் பெரும்பாலும் பொருட்பட்டியல்களாகவே கையாளப்பட்டு வந்துள்ளன. என்னென்ன விற்கப்பட்டன என்ற வினா எழுப்பப்பட்ட அளவிற்கு, எப்பொழுது விற்கப்பட்டன, எப்பொழுது விற்கப்படவில்லை என்ற வினா எழுப்பப்படவில்லை.

தொல்காப்பியம் முதற்பொருளை நிலம், பொழுது என இரண்டாகப் பகுக்கின்றது. கார்த்திகேசு சிவத்தம்பி 1974இல் வெளியிட்ட திணைக்கோட்பாடு பற்றிய ஆங்கிலக் கட்டுரை, நிலப்பாகுபாட்டைக் கொண்டு பண்டைச் சமூகத்தின் சமனற்ற பொருளியல் வளர்ச்சியை விளக்கியது. நெய்தல் நிலத்து உப்பும், குறிஞ்சி நிலத்துத் தேனும், மருத நிலத்து நெல்லும் தம்முள் மாறிய முறையினை அறிய அவ்வழி பெரிதும் துணைசெய்தது. முதற்பொருளின் மற்றொரு பாதியாகிய பொழுதோ, அகப்பொருளின் உணர்ச்சிப் பின்னணியாக மட்டுமே பெரிதும் கருதப்படலாயிற்று. பொழுதினையும் பொருளியல் சான்றாகக் கொள்ள இயலுமா என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் சிக்கலாகும். வெயில், மழை, வாடை, காற்று ஆகியவற்றால் அங்காடியில் வாங்குதலும் விற்றலும் எவ்வாறு மாறின என்பதனைப் பத்துப்பாட்டு, எட்டுத்தொகை, சிலப்பதிகாரம் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை காண விழைகின்றது.

குறையாத கடல்: மதுரைக்காஞ்சியின் அங்காடி

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகளைக் கொண்டது. அதில் மதுரை நகரின் ஒரு முழுநாள், காலை தொடங்கி மறுநாள் விடியல் வரை படிப்படியாகக் காட்டப்படுகின்றது. பகற்பொழுதில் நாளங்காடி, மாலைக்குப் பின் அல்லங்காடி என அங்காடி இரண்டாகக் கூறப்படுவது, சிறுபொழுதினை ஒட்டி வணிகம் வகுக்கப்பட்டிருந்தமைக்குத் தக்க சான்றாகும். அல்லங்காடியின் ஆரவாரத்திற்குக் கூடடையும் பறவைகளின் ஒலி உவமையாக வருகின்றது. இவ்வுவமை ஓசையைக் குறிப்பதோடு, பொழுது சாயும் வேளையையும் உடன் உணர்த்துகின்றது.

அங்காடியின் வளத்தைக் கூறவந்த புலவர், அதனைக் கடலோடு ஒப்பிடுகின்றார். மேகம் முகந்துகொள்வதால் கடல் குறைவதில்லை. ஆறுகள் வந்து புகுவதால் அது மிகுவதும் இல்லை. அவ்வாறே கொள்வோர் கொள்ளக் குறையாமலும், தருவோர் தர மிகாமலும் அங்காடி விளங்குகின்றது என்பது கருத்து. பருவங்கள் மாறினும் அங்காடி மாறாது என்ற பெருமிதம் இதில் தொனிக்கின்றது. நகரின் வளத்தையும் வேந்தனின் ஆட்சியையும் புகழும் பாட்டில் இத்தகைய கூற்று எதிர்பார்க்கத்தக்கதே. பிற்கால வரலாற்று நூல்களிலும் சங்க கால அங்காடி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது இந்த மாறாத வளமே.

ஆயினும் அதே பாட்டில் இப்பெருமிதத்தோடு முழுவதும் இயையாத ஒரு காட்சியும் உண்டு. பல்வேறு பண்டங்களைச் சுமந்து தெருத்தோறும் திரிந்து விற்போர், மலைபோன்ற மாடங்களின் நிழலில் தங்கியிருக்கின்றனர். தெருவில் வரும் போர்யானைகளுக்கு அஞ்சி ஒதுங்கியவர்கள், அவை நீங்கியபின் மீண்டும் வணிகத்தைத் தொடர்கின்றனர். மலரும் மாலையும் சுண்ணமும் வெற்றிலையும் பாக்கும் விற்கும் இவர்களுக்கெனக் கூரை கூறப்படவில்லை. பிறருடைய மாடத்தின் நிழலே இவர்களுடைய கடையாகின்றது. மலரும் வெற்றிலையும் வெயிலில் வாடுவன ஆதலின், இந்நிழல் விற்போர்க்கு இளைப்பாறும் இடமாக இருந்ததோடு, பண்டத்தைக் காக்கும் இடமாகவும் இருந்திருக்க வேண்டும். கடலுக்கு ஒப்பாகக் கூறப்பட்ட அங்காடியினுள்ளேயே, வெயிலுக்கு ஒதுங்கும் வணிகர் ஒருசாரார் இருந்தனர் என்பது நோக்கத்தக்கது.

மழைபெய்யும் மாலையில் ஆவணம்: நெடுநல்வாடை

மதுரைக்காஞ்சிக்குரிய தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனே நக்கீரர் பாடிய நெடுநல்வாடைக்கும் தலைவன் என்பது மரபு. அம்மரபினை ஏற்பின், ஒரே வேந்தன் காலத்து நகரினைத் தெளிந்த நாளிலும், மழை ஓயாத கூதிர்ப் பருவத்திலும் காணும் அரிய வாய்ப்பு இவ்விரு பாட்டுகளால் நமக்குக் கிட்டுகின்றது. 188 அடிகளைக் கொண்ட நெடுநல்வாடையின் முற்பகுதி, வாடையால் நகரில் நேர்ந்த மாற்றங்களை நிரலே கூறுகின்றது.

இப்பகுதியில் ஆவணம் நேரடியாகவே குறிக்கப்படுகின்றது. கதிரவன் தோன்றாத மழைநாளில் பகலும் இரவும் மயங்குகின்றன. வீட்டில் வாழும் புறாக்கள் இரை தேடி மன்றிற்குச் செல்லாது செயலற்று இருக்கின்றன. அந்நிலையில் மகளிர், பூந்தட்டில் இட்டுவைத்த பித்திக அரும்புகள் இதழ் விரிந்து மணப்பதைக் கொண்டே மாலை வந்ததனை அறிகின்றனர். இரும்பு விளக்கில் நெய் தோய்ந்த திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவி வழிபடுகின்றனர். வளம் மிக்க ஆவணம் மாலைப்பொழுதைக் கொண்டாடுகின்றது.

இவ்வடிகள் வணிக வரலாற்று நோக்கில் மிகுதியும் பயன்படுத்தப்படாதவை. அல்லங்காடி மாலையில் தொடங்குவது. மாலையை அறிதற்குரிய இயல்பான அடையாளம் கதிரவன் மறைவாகும். மழைக்காலத்தில் அவ்வடையாளம் மறைந்துவிடுகின்றது. ஆகவே, பொழுதறிதற்கு மற்றொரு கருவி தேவைப்படுகின்றது. அங்காடியில் விற்கப்படும் பண்டங்களுள் ஒன்றாகிய மலரே அக்கருவியாகவும் அமைகின்றது. இப்பாட்டில் விற்பனை நிகழ்ந்ததாக வெளிப்படக் கூறப்படவில்லை என்பதனை மறுத்தற்கில்லை. எனினும், வாடை வீசிய நாளிலும் ஆவணம் இருண்டு கிடக்கவில்லை. விளக்கேற்றித் தன் மாலைக் கடமையைச் செய்தது என்ற அளவு உறுதியாகக் கொள்ளலாம். ஆறு கிடந்தாற் போன்ற அகன்ற தெருக்களில், கள்ளுண்டு களித்த வலிய உடலினர் தூறலைப் பொருட்படுத்தாமல், பகற்பொழுது கழிந்த பின்னரும் விரும்பிய இடமெல்லாம் திரிந்தனர் என்ற செய்தியும் இதனோடு இணைத்து எண்ணத்தக்கது. மழையால் தெரு வெறுமையாகிவிடவில்லை; தெருவில் நடப்போர் மாறினர்.

பயன்படாது கிடந்த பொருள்கள்

நெடுநல்வாடையின் தனிச்சிறப்பு, பயன்பாட்டிலிருந்து நீங்கிய பொருள்களையும் அவற்றின் இடத்திற்கு வந்த பொருள்களையும் அடுத்தடுத்துக் கூறுவதாகும். அவற்றைப் பின்வருமாறு தொகுத்துக் காணலாம்.

முதலாவது, பூச்சுப்பொருள். வடநாட்டார் கொணர்ந்த வட்டக்கல், தென்னாட்டுச் சந்தனத்தோடு கைவிடப்பட்டுக் கிடக்கின்றது. மாறாக, ஏவலர் வேறொரு கல்லில் நறுமணக் கூட்டுகளை அரைக்கின்றனர்.

இரண்டாவது, மலர். மகளிர் கோதை புனைவதைத் தவிர்த்துக் கூந்தலில் சில மலர்களை மட்டுமே செருகுகின்றனர். கூந்தலுக்குத் தகர விறகில் நெருப்பிட்டு, அகிலும் கண்டசருக்கரையும் புகைக்கின்றனர்.

மூன்றாவது, காற்று. கைத்தொழில் வல்ல கம்மியன் அழகுபெறச் செய்த செந்நிற விசிறி சுருக்கப்பட்டு முளையில் தொங்குகின்றது. அதன்மேல் சிலந்தி நூல் படிந்திருக்கின்றது. வேனிற்காலத்தில் தென்றலைத் தரும் மேல்மாடத்துச் சாளரக் கதவுகள் தாழிடப்பட்டுள்ளன.

நான்காவது, நீர். குறுகிய வாயினையுடைய கலத்தில் குளிர்ந்த நீரை எவரும் பருகுவதில்லை. அகன்ற வாயினையுடைய தடாவில் உள்ள நெருப்பினையே நாடுகின்றனர்.

இப்பட்டியலில் ஓர் ஒழுங்கு புலப்படுகின்றது. குளிர்ச்சி தருவன நீங்குகின்றன. வெம்மை தருவன புகுகின்றன. ஒரு பொருள் முற்றிலும் இல்லாது போவதில்லை. ஒன்றின் இடத்தை மற்றொன்று பெறுகின்றது. பருவம் நுகர்வைக் குறைத்தது என்பதனைவிட, நுகர்வினை வேறுபக்கம் திருப்பியது என்பதே பொருந்தும். சந்தனமும் அகிலும் குடமலையில் தோன்றியவை எனப் பட்டினப்பாலை கூறுகின்றது. எனவே, ஒரே மலையிலிருந்து வந்த இரு பொருள்களுள் ஒன்று வாடைக்காலத்தில் தேக்கமுற, மற்றொன்று தேவை மிகுந்தது எனக் கருத இடமுண்டு. இவ்விரண்டையும் இருப்பில் வைத்திருக்கும் வணிகனுக்கு மழை பெரிய இழப்பாகாது. நாள்மலர் ஒன்றையே நம்பியவளுக்கோ கோதை புனையாத ஒவ்வொரு நாளும் இழப்பேயாகும்.

இவை புலவர் மரபாகப் பாடியவை. நிகழ்வுப் பதிவுகள் அல்ல என்ற தடை எழுப்பப்படலாம். வாடையும் தலைவியின் தனிமையும் மரபு சார்ந்தவை என்பது உண்மையே. ஆயின், விசிறியின்மேல் சிலந்தி நூல் படிந்திருப்பதையோ, சந்தனக்கல் வேறாகவும் கூட்டு அரைக்கும் கல் வேறாகவும் இருப்பதையோ கூறவேண்டும் என்னும் கட்டாயம் மரபில் இல்லை. கேட்போர் தம் வீட்டில் கண்டறிந்தவை ஆதலாலேயே இந்நுணுக்கங்கள் பாட்டில் இடம்பெற்றன எனல் தகும்.

மழையில் கரைந்த முதல்: உப்பு வணிகர்

பருவத்தின் தாக்கத்தை மிகுதியும் எதிர்கொண்ட பண்டம் உப்பு. அது வெயிலால் விளைவது; மழையால் அழிவது. அகநானூற்றின் 140ஆம் பாடலில், பரதவர் உழாது விளைத்த உப்பினை விலைகூறிக் கொண்டு, உமணர் வெயிலால் வெடித்த குன்றங்களைக் கடந்து செல்கின்றனர். உமணர் மகள் நெல்லுக்கு நிகராக உப்பினைத் தரும் விலையைச் சேரியில் கூவி விற்கின்றாள். இப்பாடலின் வெயிலை வெறும் பின்னணியாகக் கொள்ளல் ஆகாது. உப்பு விளைவதற்கும், வண்டி செல்வதற்கும், தலைச்சுமையாகத் தெருவில் விற்பதற்கும் வறண்ட பருவமே இன்றியமையாதது.

இப்பயணத்தில் உமணர் கொண்டிருந்த முன்னெச்சரிக்கையைப் புறநானூற்றின் 102ஆம் பாடல் உணர்த்துகின்றது. பண்டம் மிகுதியாக ஏற்றப்பட்ட வண்டி, பள்ளத்தில் இறங்கவும் மேட்டில் ஏறவும் கூடும் என்பதால், வண்டியின் கீழ் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு அவர்கள் சென்றனர். வழியின் இடருக்கு மாற்று அச்சு உண்டு. வானத்தின் இடருக்கு அத்தகைய மாற்று ஏதும் இல்லை. குறுந்தொகையின் 165ஆம் பாடலில் ஏறுதற்கரிய கரையில் நின்ற உப்பு வண்டி பெருமழையால் அழிகின்றது. நற்றிணையின் 88ஆம் பாடலில் மழையை ஏற்ற உப்பு உருகிக் கரைகின்றது. இவ்விரண்டும் உள்ளத்தின் நிலையை விளக்க வந்த உவமைகள். உவமை, கேட்போர் நன்கறிந்த ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பது உவமவியலின் அடிப்படை. ஒரு வணிகக் குடும்பத்தின் முதல் முழுவதும் ஒரே மழையில் கரைந்துபோவது அன்றைய மக்களுக்குப் பழக்கமான காட்சி என்பதனை இவ்வுவமைகள் உறுதிசெய்கின்றன. காதலின் அழிவைக் கூற இதனினும் பொருத்தமான இழப்பு அப்புலவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

பருவத்தை அறிவிக்கும் குரல்

பருவம் வணிகத்தை மாற்றியது போலவே, வணிகமும் பருவத்தை வீட்டினுள் கொண்டு சேர்த்தது. நற்றிணையின் 118ஆம் பாடலில், பாதிரியின் புதுமலர்களை ஏந்தித் தெருத்தோறும் கூறி விற்கும் ஒருத்தியின் பொருட்டுத் தலைவியின் நெஞ்சு நோகின்றது. 97ஆம் பாடலில், குருக்கத்தியும் பித்திகமும் கலந்த மலர்களைக் கொள்கின்றீரோ என வினவித் திரியும் உழவர் மகள், பிரிந்திருக்கும் தலைவிக்குக் கொடியவளாகத் தோன்றுகின்றாள். தலைவன் வருவதாகக் கூறிய பருவம் வந்துவிட்டது என்பதனை அறிவிப்பது இங்கே விற்பவளின் குரலே. அவளோ எவருடைய துயரையும் அறியாதவள். அன்றைய மலர் அன்றே விற்கவேண்டும் என்னும் கட்டாயத்தில் நடப்பவள். அகத்திணை உரைகள் தலைவியின் துயரை விரித்துரைத்த அளவிற்கு, இக்கட்டாயத்தை நோக்கவில்லை.

காற்றும் துறைமுகமும்

உள்ளூர் அங்காடியில் மட்டுமன்றிக் கடல் வணிகத்திலும் பருவமே காலத்தை வகுத்தது. காற்றினை ஏவல்கொண்ட முன்னோனின் வழித்தோன்றல் எனக் கரிகாலனை வெண்ணிக் குயத்தியார் புறநானூற்றின் 66ஆம் பாடலில் விளிக்கின்றார். எகிப்திலிருந்து புறப்படும் கலங்கள் சூலைத் திங்களில் பயணத்தைத் தொடங்கும் எனப் பெரிப்ளுசு கூறுகின்றது. செங்கடல் வாயிலில் உள்ள ஒகெலிசிலிருந்து முசிறிக்கு 40 நாள் பயணம் என்றும், மீள்பயணம் திசம்பர் அல்லது சனவரித் தொடக்கத்தில் அமையும் என்றும் பிளினி குறிப்பிடுகின்றார். தென்மேற்குப் பருவக்காற்றில் வருதலும் வடகிழக்குப் பருவக்காற்றில் மீளுதலும் ஆகிய இம்முறை, முசிறி அங்காடிக்கு ஒரு திட்டவட்டமான விற்பனைக் காலத்தை வகுத்தளித்தது.

மிளகுக் கொடி தென்மேற்குப் பருவமழையில் பூக்கும். அதன் அறுவடை பெரும்பாலும் நவம்பருக்குப் பின்னர் நிகழும். கலங்கள் வரும் காலமும் புதுமிளகு வெயிலில் உலரும் காலமும் ஒன்றல்ல. இவ்விடைவெளியை நிரப்புவது சேமிப்பே. புறநானூற்றின் 343ஆம் பாடலில் முசிறி வீடுகளில் மிளகு மூடைகள் குவிந்து கிடக்கும் காட்சியை இந்நோக்கில் காணுதல் வேண்டும். வளத்தின் அடையாளமாக மட்டும் இதுவரை கொள்ளப்பட்ட அம்மூடைகள், பருவத்தோடு வணிகர் செய்துகொண்ட உடன்பாட்டின் அடையாளமும் ஆகும். கலங்கள் கொணர்ந்த பொன் கழித்தோணிகளால் கரைசேர்ந்தது என அப்பாடல் கூறுவது, கலங்கள் கரைக்குத் தொலைவில் நிற்கும். சரக்குகள் படகுகளால் ஏற்றி இறக்கப்படும் என்னும் பிளினியின் கூற்றோடு ஒத்துச்செல்கின்றது.

பட்டினப்பாலை, புகாரின் ஏற்றுமதி இறக்குமதியை மழைச் சுழற்சியோடு ஒப்பிடுகின்றது. முகில் முகந்த நீர் மலையில் பொழிவதும், மலையில் பொழிந்த நீர் கடலில் பரவுவதும் போலப் பண்டங்கள் நீரினின்று நிலத்திற்கும் நிலத்தினின்று நீருக்கும் செல்கின்றன. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், தொண்டியோர் வங்கத்தில் அனுப்பிய அகில், துகில், ஆரம், வாசம், கருப்பூரம் ஆகியவை கொண்டற்காற்றோடு கூடல் நகரில் புகுவதாகப் பின்பனிக் காலம் வருணிக்கப்படுகின்றது. இங்கே காற்று வேறு, சரக்கு வேறு எனப் பிரித்துக் காணல் அரிது. நகரத்தார்க்குக் காற்றின் வரவே புதுச்சரக்கின் வரவாக இருந்தது.

இன்றைய தொடர்ச்சி

இச்செய்திகள் பழமையோடு முடிந்துவிடவில்லை. தூத்துக்குடி, வேதாரணியம் உப்பளங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உற்பத்தி நின்றுவிடுவது இன்றும் ஆண்டுதோறும் நிகழ்வதே. தமிழ்நாட்டின் பெருவிற்பனைக் காலமாகிய தீபாவளி, அம்மழைக்காலத்திலேயே வருகின்றது. மழை பெய்யும் மாலையில், கூரையுடைய பல அடுக்குத் துணிக்கடையில் கூட்டம் ஒதுங்குகின்றது; அதே தெருவில் நடைபாதையில் கடை விரித்தவர் தார்ப்பாயால் சரக்கினை மூடிக்கொண்டு நிற்கின்றார். கேரளத்தில் 2018 ஆகத்துப் பெருவெள்ளத்தின்போது அரசின் ஓண விழா கைவிடப்பட்டது, கொண்டாட்டங்கள் சுருங்கின. ஓணத்திற்கு மலர் அனுப்பும் தோவாளைச் சந்தையையும் அது பாதித்தது. மலையின் அப்புறம் பெய்த மழையால் இப்புறம் மலர் தேங்கியது. கோதை புனையாத நாளின் இழப்பு யாரைச் சேரும் என்ற வினா இன்றும் பழைய இடத்திலேயே நிற்கின்றது.

தெருவோர வணிகர்களின் வாழ்வாதாரத்தைக் காக்க 2014இல் நடுவணரசு சட்டம் ஒன்றை இயற்றியது. விற்பனைக்கான இடமும் உரிமமும் பற்றி அது பேசுகின்றது. இடம் என்பது நிலம் மட்டுமன்று, நிழலும் கூரையும் சேர்ந்ததே என்பதனை மதுரைக்காஞ்சியின் திரிந்து விற்போர் நமக்கு நினைவூட்டுகின்றனர்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. சங்க கால அங்காடி சிறுபொழுதினை ஒட்டி நாளங்காடி, அல்லங்காடி என வகுக்கப்பட்டிருந்தது. பெரும்பொழுதினை ஒட்டி அதன் பண்டங்கள் மாறின. மழையும் வாடையும் அங்காடியை முற்றிலும் முடக்கவில்லை. குளிர்ப்பொருளை விலக்கி வெம்மைப்பொருளை வேண்டச் செய்தன. கடல் வணிகம் காற்றின் கால அட்டவணைக்கு உட்பட்டிருந்தது; அதன் இடைவெளிகளைச் சேமிப்பு நிரப்பியது. பருவத்தின் தாக்கம் எல்லா வணிகர்க்கும் ஒத்ததாக இல்லை. மாடமும் கிடங்கும் உடையோர்க்குப் பருவம் சரக்கினை மாற்றும் வாய்ப்பாகவும், உப்பும் மலரும் சுமந்தோர்க்கு முதலையே இழக்கும் இடராகவும் அமைந்தது.

கடல்போல் குறையாத அங்காடி என்னும் படிமம் மாடத்திலிருந்து நோக்குவோர்க்கு உண்மையாகத் தோன்றக்கூடும். கரையேற இயலாது மழையில் நின்ற உப்பு வண்டியையும் அதனோடு சேர்த்துக் காணும்போதுதான் பண்டைத் தமிழர் வணிக வரலாறு முழுமை பெறும். நிலத்தைக் கொண்டு எழுதப்பட்ட அவ்வரலாற்றைப் பொழுதினையும் கொண்டு மீண்டும் எழுதுதல் வேண்டும். முதற்பொருள் இரண்டு என வகுத்த தொல்காப்பியர், அதற்குரிய நெறியை முன்னரே காட்டிச் சென்றுள்ளார்.